தெரியலையே ஐயா

பெரியம்மா சாவதற்கு நான்கு நாள் முன்பு சொன்ன ஒரு பதில் ஒன்பது வருடமாக என்னோடு இருக்கிறது. அதை எங்கே இறக்கி வைப்பதென்று தெரியவில்லை. பங்குனி முடிந்து வெயில் ஏறிக்கொண்டிருந்த நாட்கள். புற்று கல்லீரலுக்குப் போய்விட்டது, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். முன்னறை ஜன்னலை ஒட்டிக் கட்டிலைப் போட்டிருந்தோம். டெட்டால் வாசனையும், குடிக்காமல் வைத்துவிட்ட கஞ்சியின் வாசனையும், தெற்கே விளைக்குள் கருப்பட்டி காய்ச்சும் புகையும் கலந்து அந்த அறையில் அசையாமல் நின்றன. சாயங்காலம் ஓர் ஊழியக்காரர் வந்தார். எங்கள் சபையைச் சேர்ந்தவரல்லர்; நோயாளிகளின் வீடுகளைத் தேடிப் போய் ஜெபிக்கிறவர். வாசலில் கால் கழுவிவிட்டு உள்ளே வந்து, வெறுந்தரையில் முழங்காலிட்டு வெகுநேரம் ஜெபித்தார். எழுந்து பெரியம்மாவின் முகத்தருகே குனிந்து, மெதுவாகத்தான் கேட்டார்: "அம்மா, இரட்சிப்பின் நிச்சயம் உங்களுக்கு உண்டா?" பெரியம்மா கண்ணைத் திறந்தாள். மஞ்சள் ஏறிய கண். மேலே ஓட்டைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். நாக்கு வறண்டிருந்ததால் சொல் வர நேரமாயிற்று. "தெரியலையே ஐயா" என்றாள். நான் அவள் கால்மாட்டில் உட்கார்ந்து வீங்கிய பாதங்களைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் வாய் திறப்பதற்கு முந்திய அந்தச் சில நொடிகளில், உண்டுன்னு சொல்லிரு பெரியம்மா, சொல்லிரு என்று மனசுக்குள் கெஞ்சினேன். கேட்டவர் அவர் ஒருவர் மட்டுமல்ல என்பதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

அவர் கேட்டது தவறு என்று சொல்லி இதை முடித்துவிட என்னால் ஆகவில்லை. அந்தக் கேள்விக்குப் பின்னால் இருப்பது பெரிய ஆறுதல். மீட்பு நம் கிரியைகளால் வருவதில்லை, கிருபையால் வருகிறது, விசுவாசத்தின் கையால் அதை வாங்கிக்கொள்கிறோம் என்று பவுல் எபேசியருக்கு எழுதியதைத்தான் நாங்கள் ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாடம் செய்தோம். என்னைப் பொறுத்த காரியமாக அது இருந்தால் ஒருநாளும் எனக்கு நிச்சயம் வராது. நேற்று நன்றாக இருந்தேன், இன்று எப்படியோ என்று அளந்துகொண்டே இருக்க வேண்டும். அவரைப் பொறுத்தது என்பதால்தான் தைரியமாகத் தூங்கலாம். நிச்சயம் என்ற சொல் முதலில் வந்தது தூங்க முடியாதவர்களுக்காக. எங்கள் ஊர் அசனத்தில் அண்டா அண்டாவாகச் சோறு வடித்து, வந்தவர் போனவர் எல்லோரையும் பந்தியில் உட்கார்த்தி இலை போடுவார்கள். இலைக்கு முன்னால் உட்கார்ந்தவனிடம், இந்தச் சோறு உனக்குத்தான் என்று உறுதியாக நம்புகிறாயா என்று யாரும் கேட்பதில்லை. சோற்றை வைப்பார்கள். அந்த அறையில் நாங்கள் செய்தது அந்தக் கேள்வியைக் கேட்டதுதானோ என்று எனக்குச் சந்தேகம். கிருபை ஒன்றும் கேட்பதில்லை என்று சொன்னோம். ஒன்றும் கேட்காத அதை நீ நம்புகிறாயா என்று உடனே கேட்டோம். அதற்குரிய பதிலை வறண்ட நாக்கால் அவள் செலுத்த வேண்டிய விலையாக ஆக்கிவிட்டோம். கிரியையை வாசல் வழியாக வெளியே அனுப்பி, நிச்சயம் என்ற பெயரில் ஜன்னல் வழியாக உள்ளே ஏற்றிவிட்டோம். 1517இல் லூத்தர் எழுதிய தொண்ணூற்றைந்து கூற்றுகளை இந்த வருடங்களில் பலமுறை எடுத்துப் படித்திருக்கிறேன். தன் மனஸ்தாபம் உண்மையானதுதானா என்பதே ஒருவனுக்கும் நிச்சயமில்லை என்கிறது முப்பதாவது கூற்று. பாவமன்னிப்புச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு தன் மீட்பு நிச்சயம் என்று நம்புகிறவனையும், அப்படிக் கற்பிக்கிறவனையும் கண்டிக்கிறது முப்பத்திரண்டாவது. நிச்சயத்தின் போதகர் என்று நாம் கொண்டாடுகிறவர், கையில் பிடித்துக் காட்டக்கூடிய நிச்சயத்தை எதிர்த்துத்தான் முதலில் எழுதத் தொடங்கினார். காகிதத்தில் எழுதி முத்திரை போட்ட நிச்சயத்துக்கும், சாகிறவளின் வாயிலிருந்து வாங்கிக்கொள்ளும் நிச்சயத்துக்கும் எவ்வளவு தூரம் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

அன்று பெரியம்மாவின் பதிலைக் கேட்டபின் ஊழியக்காரர் எங்கள் பக்கம் திரும்பி, கலங்கிய குரலில், அம்மாவுக்கு ஆரோக்கியமான உபதேசம் கிடைக்கவில்லையே என்றார். அந்தச் சொற்கள் எனக்குப் பழக்கமானவை. என் பூட்டனார் உபதேசியார். மணியடித்து, ஜெபம் நடத்தி, பிள்ளைகளுக்கு வினாவிடை சொல்லிக்கொடுத்து, வண்டிப்பாதைகளில் நடந்தே தேய்ந்தவர். உபதேசம் எங்கள் வீட்டில் தொழிலின் பெயர். ஆனால் ஆரோக்கியம் என்ற சொல் அன்றுதான் முதன்முறையாகக் காதில் விழுந்ததுபோல் இருந்தது. சதை வற்றி, வயிறு மட்டும் நீர் கோத்துப் பெருத்து ஓர் உடம்பு பக்கத்தில் கிடக்கும்போது அந்தச் சொல்லைக் கேட்டுப் பார்க்க வேண்டும். தீமோத்தேயுவுக்கும் தீத்துவுக்கும் எழுதிய நிருபங்களில்தான் அது வருகிறது. கிரேக்கத்தில் 'ஹூகியைனோ'. உடல்நலத்தோடு இருத்தல் என்பதுதான் அந்த வினையின் பொருள். சரியான உபதேசம், நேரான உபதேசம், பிசகாத உபதேசம் என்று சொல்ல வழியிருந்தும் அந்த நிருபங்கள் நலமான உபதேசம் என்றன. பவர் ஐயர் குழுவினர் திருத்த, 1871இல் முழுமையாக வெளிவந்த தமிழ் வேதாகமம் அதை விடாமல் பிடித்துக்கொண்டது. 1995இல் வந்த திருவிவிலியம் நலந்தரும் போதனை என்கிறது. ஒன்றில் உபதேசம் தானே ஆரோக்கியமாக இருக்கிறது. மற்றதில் அது ஆரோக்கியத்தைத் தருகிறது. இரண்டுக்கும் நடுவே நான் ரொம்ப நாள் நின்றிருக்கிறேன். அந்த நிருபங்களைத் திரும்பப் படித்தபோது, அவை முழுக்க ஒரு வைத்தியசாலையின் வாசனை அடிப்பதைக் கண்டேன். பொய்யான போதனை அரிபிளவையைப்போலப் படர்கிறது. கேட்கிறவர்களின் காதில் தினவு. மனச்சாட்சியில் சூட்டுத் தழும்பு. வாக்குவாதத்தில் ஆசை கொண்டவனை அறிவில்லாதவன் என்பதோடு விடவில்லை, நோயாளி என்கிறது முதலாம் நிருபம். நடுவில் திடீரென்று, உன் வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள் என்று ஒரு கைவைத்தியம். கடைசியில், மற்றவர்கள் போய்விட்டார்கள், லூக்கா மட்டும் என்னோடு இருக்கிறான் என்று ஒரு தனிமையான வரி. லூக்காவை வேறோர் இடத்தில் பிரியமான வைத்தியன் என்று பவுல் குறிப்பிடுகிறார். இந்த நிருபங்களைப் பவுலே எழுதினாரா, அவருக்குப் பிந்திய சீடர் ஒருவர் எழுதினாரா என்று அறிஞர்கள் வாதிடுகிறார்கள். யார் எழுதியிருந்தாலும் அவருக்கு நோயாளியின் கட்டிலருகே உட்கார்ந்து பழக்கம் இருந்திருக்கிறது. அந்தச் சொல்லை வேலிக்கல்லாக நட்டு, இந்தப் பக்கம் நாம், அந்தப் பக்கம் அவர்கள் என்று கயிறு பிடித்தது பிற்பாடு நாம் செய்த வேலை.

வேலிக்கல்லாக நடப்பட்ட கேள்வி ஒன்றைச் சரித்திரம் வைத்திருக்கிறது. 1431 பிப்ரவரி 24ஆம் தேதி, ரூவான் நகரில், படித்த குருக்களும் சட்ட வல்லுநர்களும் நிறைந்த விசாரணை மன்றத்தில், பத்தொன்பது வயதுபோல் இருந்த, எழுதப் படிக்கத் தெரியாத ஜோன் என்ற பெண்ணிடம் கேட்டார்கள்: நீ தேவனுடைய கிருபையில் இருக்கிறாயா? அது பொறி. இருக்கிறேன் என்றால், எவரும் நிச்சயமாக அறிய முடியாததை அறிந்ததாகச் சொல்லும் மேட்டிமை. இல்லை என்றால், தன் வாயாலேயே தனக்குத் தீர்ப்பு. அவள் இரண்டில் எதையும் எடுக்கவில்லை. இல்லையென்றால் தேவன் என்னை அங்கே வைப்பாராக, இருக்கிறேனென்றால் அங்கேயே காப்பாராக என்ற பொருளில் ஏதோ சொன்னாள். கேட்டவர்கள் திகைத்துப்போனார்கள் என்று அன்று குறிப்பெழுதியவர்களில் ஒருவர் பிற்பாடு சாட்சி சொன்னார். மே 30இல் அவளை எரித்தார்கள். இருபத்தைந்து வருடம் கழித்து, 1456இல், அந்தத் தீர்ப்பு செல்லாதென்று அறிவித்தார்கள். அந்தப் பதிலை மெச்சுகிறவர்கள் அதன் சாதுரியத்தைச் சொல்வார்கள். எனக்கு அதில் சாதுரியம் தெரியவில்லை. கேள்வி அவளை அவளுக்குள்ளேயே பார்க்கச் சொன்னது. அவள் பார்வையை எடுத்து வேறொருவர்மேல் வைத்துவிட்டாள். அவ்வளவுதான் நடந்தது. 1999 அக்டோபர் 31இல் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கரும் லூத்தரன்களும் சேர்ந்து கையெழுத்திட்ட ஒப்பறிக்கையில் நிச்சயத்தைப் பற்றி ஒரு பகுதி இருக்கிறது. தேவனுடைய இரக்கத்தைச் சந்தேகிக்க எவருக்கும் இடமில்லை, ஆனால் தன் பலவீனத்தைப் பார்க்கும்போது ஒருவர் தன் மீட்பைக் குறித்துக் கவலைப்படக்கூடும் என்று கத்தோலிக்கர் புரிந்துகொள்வதாக அது சொல்கிறது. எங்கே பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் காரியம். பெரியம்மா முதலில் ஓட்டைப் பார்த்தாள் என்பது நினைவுக்கு வருகிறது.

ஆனாலும் பார்வையைத் திருப்ப முடியாதவர்கள் இருக்கிறார்கள். வில்லியம் கூப்பரை நினைக்காமல் இதை என்னால் யோசிக்க முடிவதில்லை. இங்கிலாந்தில் ஓல்னி என்ற சிற்றூரில் ஜான் நியூட்டன் குருவானவராக இருந்தபோது, பக்கத்தில் வந்து குடியிருந்த கவிஞர் அவர். நியூட்டன் ஒருகாலத்தில் அடிமைக் கப்பலின் தலைவராக இருந்தவர். கிருபையைப் பாடும் உலகப் புகழ்பெற்ற அந்தப் பாட்டு அவருடையது. 1773 புத்தாண்டு நாளின் பிரசங்கத்துக்காக அவர் அதை எழுதினார். அதே ஜனவரியில் கூப்பரின் மனம் நொறுங்கியது. பிறகு ஒரு கனவில், உன் காரியம் முடிந்தது, நீ அழிந்தாய் என்று ஒரு குரல் தன்னிடம் சொன்னதாக நம்பினார். 1800இல் சாகும்வரை அந்த நம்பிக்கை முழுமையாக விலகவில்லை. இருவரும் சேர்ந்து எழுதிய பாடல்களின் தொகுதி 1779இல் வந்தது. அதிலிருக்கும் கூப்பரின் பாடல்களைப் பாடி எத்தனையோ பேர் ஆறுதலடைந்தார்கள். எழுதியவருக்கு மட்டும் ஆறுதல் இல்லை. கூப்பரின் உபதேசத்தில் ஒரு பிழையும் இல்லை. கிருபை எல்லோருக்கும் போதுமானது என்பதை அவர் அறிந்திருந்தார். தன் ஒருவனைத் தவிர. எந்தச் சபையின் பரீட்சையிலும் அவர் தேறியிருப்பார். ஆரோக்கியம் மட்டும் இல்லை. அப்போது நியூட்டன் செய்ததுதான் எனக்கு முக்கியம். கூப்பரைத் தன் குருமனைக்கு அழைத்துவந்து ஒரு வருடத்துக்கும் மேலாக வைத்துக்கொண்டார். வாதாடிப் பார்க்காமலா இருந்திருப்பார். ஆனால் வாதம் தோற்ற பிறகும் சாப்பாட்டு மேசையில் அவருக்கு இடம் இருந்தது, படுக்க அறை இருந்தது. தான் தள்ளப்பட்டவன் என்று உறுதியாக நம்பும் ஒருவனோடு ஒரே கூரையின் கீழ் நாளுக்கு நாள் விடிந்து எழுவது எப்படிப்பட்ட காரியம் என்று யோசிக்கிறேன். பாட்டைவிட அந்த ஒரு வருடத்தில்தான் நியூட்டனின் கிருபையைப் பற்றிய உபதேசம் இருக்கிறதென்று எனக்குப் படுகிறது. கூப்பர் குணமாகவில்லை என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இங்கே என்னையே நான் தடுக்க வேண்டியிருக்கிறது. உபதேசத்தை ஆரோக்கியத்தால் அளக்கத் தொடங்கினால் எங்கே போய் நிற்போம்? ஆறுதலாக இருப்பதெல்லாம் உண்மை என்றாகிவிடாதா? காதில் தினவுள்ளவர்கள் சொறிந்துவிடுகிற போதகர்களைச் சேர்த்துக்கொள்வார்கள் என்று அதே நிருபம்தான் எச்சரிக்கிறது. சொறிகிற நேரத்துக்குச் சுகமாகத்தான் இருக்கும். விசுவாசித்தால் நோய் போகும், போகாவிட்டால் விசுவாசம் போதாது என்று சொல்லும் மேடைகளை நான் பார்த்திருக்கிறேன். பெரியம்மாவையே ஒருமுறை அப்படி ஒரு கூட்டத்துக்குக் காரில் படுக்க வைத்துக் கூட்டிப்போனோம். திரும்பி வரும்போது அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒன்றும் பேசாமல் வந்தாள். ஆரோக்கியம் என்ற சொல்லை அந்த மேடைகளிடம் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. கசக்காத மருந்தும் இல்லை. ஜெர்மானியப் போதகர் போன்ஹோஃபர் 1937இல், நாஜி ஆட்சி சபைகளின் கழுத்தில் கைவைத்திருந்த காலத்தில், மலிவான கிருபை என்ற ஒன்றைப் பற்றி எழுதினார். மனந்திரும்பாமல் கிடைக்கும் மன்னிப்பு, பின்பற்றிப் போகாமல் கிடைக்கும் ஆறுதல். அதைச் சபையின் கொடிய விரோதி என்றார். 1945 ஏப்ரல் 9இல் ஃப்ளாசன்பர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார். அவர் மலிவு என்று சொன்னதைத் தமிழில் யோசிக்கும்போது ஒரு சொல் என்னைத் தடுக்கிறது. விலையில்லாதது என்கிறோம். விலை கேட்காமல் கொடுப்பதும் அதுதான், விலை சொல்ல முடியாததும் அதுதான், ஒரு விலையும் போகாததும் அதுதான். மூன்றும் ஒரே சொல்லுக்குள் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கின்றன. கிருபையைப் பற்றிப் பேசும் வாய் இந்த மூன்றில் எதைச் சொல்கிறதென்று கேட்கிறவன் அந்த வாயைப் பார்த்து மட்டும் கண்டுபிடிக்க முடியாது. பேசுகிறவனுக்கு என்ன செலவாயிற்று என்று பார்க்க வேண்டியிருக்கிறது. பெரியம்மா தினமும் உலையில் அரிசி போடுமுன் ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப்பானையில் போடுவாள், கோயிலுக்கு. நாற்பது வருடத்துப் பிடியரிசி. அதைக் கொண்டு எதையும் வாங்கிவிட்டதாக அவள் நினைத்ததில்லை. அதைக் கணக்கில் காட்டலாம் என்று அந்த மாலையில் அவளுக்குத் தோன்றவே இல்லை. நினைத்துப் பார்த்தால் அவளிடம் உபதேசம் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

உபதேசத்துக்குச் சொன்ன அந்தக் கிரேக்க வினை லூக்காவின் சுவிசேஷத்தில் வரும் இடங்களைத் தேடிப் போனேன். நூற்றுக்கு அதிபதியின் வேலைக்காரன் பிழைத்து எழுந்ததற்கு அந்தச் சொல். பிணியாளிகளுக்குத்தான் வைத்தியன் தேவை, சுகமுள்ளவர்களுக்கு இல்லை என்ற இடத்திலும் அதே சொல். பிறகு பதினைந்தாம் அதிகாரம். தூரதேசம் போய் எல்லாவற்றையும் அழித்துவிட்டு வந்த இளையமகனைப் பற்றி, வயலிலிருந்து வரும் மூத்தவனிடம் வேலைக்காரன் சொல்கிறான்: உம்முடைய தம்பி வந்திருக்கிறார், சுகத்தோடு அவரைத் திரும்பப் பெற்றதால் தகப்பனார் விருந்து செய்கிறார். அந்தச் சுகத்துக்கும் அதே வினைதான். இதைக் கண்ட அன்று ராத்திரி எனக்கு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. திரும்பி வந்தவனிடம் தகப்பன் ஒன்றும் கேட்கவில்லை. மகன் வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த பேச்சைக்கூட முடிக்க விடவில்லை. என்னைக் கூலிக்காரனாக வைத்துக்கொள்ளும் என்ற கடைசிப் பகுதி அவன் வாயிலிருந்து வருவதற்குள் அங்கி கொண்டுவரச் சொல்லி ஆளனுப்பிவிட்டார். தான் சுகமாக இருப்பது அந்த மகனுக்குத் தெரியுமா? சுகமாக இருப்பதைச் சொல்கிறவன் வேலைக்காரன். பன்றித் தொழுவத்தின் நாற்றமும் பசியும் இன்னும் போகாத மகனுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. உடம்பின் காரியமும் அப்படித்தானே. கல்லீரல் எந்தப் பக்கம் இருக்கிறதென்று நலமாக இருக்கிறவன் அறிவதில்லை. நோய் வந்த பிறகுதான் அது இருக்கும் இடம் தெரிகிறது. பெரியம்மா வலது விலாவுக்குக் கீழே கைவைத்து, இங்கனதான் என்று காட்டுவாள். ஆத்துமாவுக்கும் அப்படி ஒரு நலம் உண்டென்றால், அது தன்னைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்லும்? கலாத்தியருக்கு எழுதும்போது பவுல், நீங்கள் தேவனை அறிந்திருக்கிறீர்களே என்று தொடங்கி, அதே மூச்சில், அவரால் அறியப்பட்டிருக்கிறீர்களே என்று மாற்றிச் சொல்கிறார். சொன்ன சொல் போதாமல் இன்னொன்றை அதன்மேல் வைக்கிறார். கிருபையின் உபதேசம் முழுவதும் அந்த மாற்றத்துக்குள் இருக்கிறதென்று நினைக்கிறேன். வைணவர்கள் சொல்லும் பூனைக்குட்டியின் உவமை நெல்லைச் சீமையில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். குரங்குக்குட்டி தாயைப் பிடித்துக்கொள்கிறது, பூனைக்குட்டியைத் தாய் கவ்விக்கொள்கிறது. வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858இல் திருமுழுக்குப் பெற்ற எச். ஏ. கிருஷ்ண பிள்ளை கிருபையைப் பற்றிப் பாட உட்கார்ந்தபோது இந்த உவமை மனசுக்குள் எங்காவது இருந்திருக்கும். எனக்கு அதில் ஒரு கேள்விதான். கண் திறக்காத அந்தக் குட்டியிடம், நீ பத்திரமாக இருக்கிறாயா என்று கேட்டால் அதற்குத் தெரியுமா? கழுத்தில் பல் பதிந்திருப்பது மட்டும்தானே தெரியும்.

இப்படியெல்லாம் சொல்லி பெரியம்மாவின் பதிலை நான் அழகாக்கிவிடுகிறேனோ என்ற பயமும் எனக்கு உண்டு. அவள் மெய்யாகவே பயந்திருக்கலாம். இருட்டில் ஒன்றும் தெரியாமல்தான் தெரியலையே என்றிருக்கலாம். அந்தப் பயத்தை எடுத்து நான் ஒரு ஞானமாக மாற்றினால் அவளுக்கு இரண்டாவது முறை துரோகம் செய்கிறேன். தலைமாட்டில் நின்றிருந்த அக்கா, அதற்குப் பிறகு அம்மா இன்னும் ஏதோ சொன்னாள் என்கிறாள். அவருக்குத் தெரியும்லா என்று முனகியதாக அக்காவுக்கு நினைவு. நான் அதைக் கேட்கவில்லை. அக்கா பொய் சொல்கிறவளல்ல. ஆனால் தாயைப் பறிகொடுத்தவள், ஒன்பது வருடம் அந்தச் சொல்லோடு வாழ்ந்தவள். அந்தப் பாதி எனக்குக் கிடைத்திருந்தால் இந்தக் கட்டுரையே தேவைப்பட்டிருக்காது. நான் கேட்ட பாதியோடுதான் நான் இருக்க வேண்டும். நாங்கள் இருவரும் கேட்டதாக ஒத்துக்கொள்வது வேறொன்று. ஊழியக்காரர் விடைபெற்று வாசல் தாண்டிய பிறகு பெரியம்மா கண்ணை மூடியபடியே கேட்டாள்: "வந்தவருக்குக் காப்பி குடுத்தியா?" யாரும் கொடுக்கவில்லை. யாருக்கும் ஞாபகமில்லை. அக்கா தெருமுனை வரை ஓடிப் பார்த்தாள். அவர் அதற்குள் பஸ் ஏறிவிட்டார். மறுநாள் அவர் மறுபடியும் வந்தபோது பெரியம்மாவுக்குப் பேச்சு நின்றிருந்தது. அக்கா காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, காப்பி ஆறும்வரை குடிக்காமல், அவர் கட்டிலோரத்தில் உட்கார்ந்திருந்தார்.